சோழ நாட்டின் பங்குதாரர்கள்

ஒரு கதையின் கடைசிப் பாகம் ஏமாற்றிவிட்டது என்று புலம்புவதற்கு ஒரு தகுதி வேண்டும். அந்தக் கதையைத் தன் சொத்து என்று நினைத்திருக்க வேண்டும். அந்தத் தகுதி எங்கள் ஆட்களிடம் ஏராளமாக இருந்தது. பேராக்கில் எங்கள் லகாட்டைச் சுற்றிக் கித்தா மரங்கள் நின்ற காலத்தில் லயத்து வீடு கம்பெனியுடையது. மரம் கம்பெனியுடையது. மரத்தில் கட்டிய மங்கும், அதில் சொட்டிய பாலும் கம்பெனியுடையவை. வேலை போனால் வீடும் சேர்ந்தே போகும். எஞ்சியிருந்தது சோழ நாடு ஒன்றுதான். அதற்கு மட்டும் நாங்கள் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

ஆகவே, 2023 ஏப்ரல் 28ஆம் தேதி மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன் 2’ வெளியானபோது, என் வயதுக்காரர்கள் ஈப்போவின் பேரங்காடித் திரையரங்குக்குள் நுழைந்த முகக்களையே வேறு. நில அலுவலகத்தில் பட்டாவைச் சரிபார்க்க வந்தவர்களின் முகம் அது. பக்கத்தில் சோளப்பொரி வாளியோடு உட்கார்ந்திருந்த இளைஞர்களுக்கு அது ஒரு படம். எங்களுக்கு அது வாரிசு வழக்கு.

வழக்கின் பூர்வீகத்தைச் சொல்லியாக வேண்டும்.

கல்கி இந்தக் கதையைத் தம் வார இதழில் 1950 அக்டோபர் 29 தொடங்கி 1954 மே 16 வரை எழுதினார். நான் பிறந்ததே அதற்கெல்லாம் பிறகு. எங்கள் லயத்துக்கு அது புத்தகமாக வரவில்லை. தோட்டத்துப் பெரிய கிராணியார் வீட்டுக்கு இதழ் வந்துகொண்டிருந்ததாம். அவர் படித்து, வீட்டம்மா படித்து, வருகிற உறவுக்காரர்கள் எல்லாம் படித்த பிறகு, தொடர் வந்த பக்கங்களை மட்டும் கிழித்தெடுத்துப் பைண்டு போட்டு வைத்திருந்தார்கள். அவர் மாற்றலாகிப் போனபோது, மணியத்தின் ஓவியங்களோடு அந்தக் கட்டுகள் பெரியப்பாவின் கைக்கு வந்தன. கிராணியார் வீட்டிலிருந்து லயத்துக்கு வந்த பொருட்களில் பழசாகாமல் இருந்தது அது ஒன்றுதான் என்று அம்மா சொல்வார்.

பெரியப்பா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். விடியுமுன் பெரட்டு, அப்புறம் பால்வெட்டு, மத்தியானம் தூக்கம், இராத்திரி சோழ நாடு. எங்கள் லயத்துக் கடைசி வீட்டு வாசலில் விளக்கை ஏற்றி வைத்துச் சத்தமாகப் படிப்பார். சுற்றிலும் பலகை, சாக்கு, பாய் எனக் கிடைத்ததில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். கள்ளுக்கடையிலிருந்து திரும்புகிறவர்கள்கூட அங்கே வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். தண்டலுக்குக் காட்டாத மரியாதையை வந்தியத்தேவனுக்குக் காட்டினார்கள்.

கதை ஆடிப்பெருக்கில், வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. ஏரி எவ்வளவு பெரிசு என்று யாரோ கேட்டார்கள். பெரியப்பா யோசித்து, “பூசிங் பக்கம் இருக்குற ஈயக்குட்டை எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்தா எவ்வளவு இருக்கும், அவ்வளவு” என்றார். தமிழ்நாட்டைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகள் நாங்கள். அந்தக் குட்டைகளின் ஓரமாகவே வந்தியத்தேவன் குதிரையை ஓட்டிக்கொண்டு போனான். மெங்லெம்பு தாண்டினால் தஞ்சாவூர் வந்துவிடும் என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன்.

கடாரம் வந்தபோது பெருமை தாங்கவில்லை. நோயுற்ற அருள்மொழிவர்மனை நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தில் ஒளித்து வைக்கிறார்கள் அல்லவா? அந்த விகாரம் கடாரத்து மன்னர் குலம் எழுப்பியது. ஆனைமங்கலச் செப்பேட்டின்படி அது எழுந்தது ராஜராஜன் பட்டமேறிய பிறகுதான். கல்கி கதைக்காகச் சில பத்தாண்டுகள் முன்னே இழுத்துக்கொண்டார். அதெல்லாம் எங்களுக்கு எதற்கு? “கடாரம்னா வேற எங்கயும் இல்ல, நம்ம கெடாதான்” என்றார் பெரியப்பா. பக்கத்து மாநிலத்துக்காரன் போய்க் கட்டிய இடத்தில்தான் பொன்னியின் செல்வனே பிழைத்தான் என்ற செய்தி லயத்தை நிமிர்த்திவிட்டது.

உண்மையான கூச்சல் எழுந்தது வேறோர் இடத்தில். கொள்ளிடத்துக்கு வடக்கே ஆதித்த கரிகாலனுக்கு, தெற்கே மதுராந்தகனுக்கு என்று சோழ நாட்டை இரண்டாகப் பிரித்துவிடலாமே என்று பேச்சு வருகிறது. படித்த மாத்திரத்தில், “என்னாது, அங்கயும் துண்டாடலா?” என்று ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். அன்றைய தோட்டத்தில் மிகவும் பயந்து உச்சரிக்கப்பட்ட சொல் அது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். துண்டு விழுந்த தோட்டத்தில் வேலை போகும், லயம் போகும், பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் போகும். எங்கள் பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கி, தோட்டம் தோட்டமாகப் போய், “மாதம் பத்து வெள்ளி கட்டுங்கள், நாமே தோட்டத்தை வாங்குவோம்” என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். சங்கம் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். ராஜேந்திர சோழன் கப்பற்படையோடு வந்து வென்ற கடாரத்தில் எங்கள் ஆட்கள் மாதத் தவணையில் கால் வைத்தார்கள்.

இப்படிப்பட்ட கூட்டத்தில் யாருக்கு எந்தப் பாத்திரம் பிடித்தது என்பது தற்செயல் இல்லை. ஆண்களில் பாதிப் பேர் நந்தினியிடம் விழுந்து கிடந்தார்கள், வெளியே சொல்லவில்லை. பெண்கள் அத்தனை பேரும் பூங்குழலி கட்சி. கடைசி வீட்டு அத்தைதான் கட்சித் தலைவர். கோடிக்கரையில் தனியாகப் படகு வலிக்கிறவள், எந்தச் சீமானுக்கும் குனியாதவள், கதை முடிகையில் சோழ நாட்டுப் பட்டத்தரசி ஆகிறாள். அவளை மணந்த சேந்தன் அமுதன் தஞ்சைத் தளிக்குளத்தார் கோயிலுக்குப் பூமாலை கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவன். அவன்தான் செம்பியன் மாதேவியின் உண்மையான மகன் என்று தெரிகிறது. அருள்மொழி தன் தலைக்கு வந்த மகுடத்தை எடுத்து அவன் தலையில் வைக்கிறான். அந்த இரவில் அத்தை யாரையும் அழைக்காமல் எழுந்து போய்க் கோப்பி கலக்கிக்கொண்டு வந்து எல்லோருக்கும் கொடுத்தார். மற்ற நாட்களில் அவர் வீட்டுச் சீனி டின் அவ்வளவு எளிதில் திறக்காது.

அதற்கப்பால் பைண்டில் பக்கமில்லை. கடைசி சில இதழ்களை எலி தின்றதா, கிராணியார் வீட்டம்மா தமக்கென்று எடுத்து வைத்துக்கொண்டாரா தெரியாது. முடிசூட்டு விழாவோடு கட்டு நின்றது. பெரியப்பா கலங்கவில்லை. மறுநாள் அதே நேரத்துக்கு விளக்கை ஏற்றினார், கட்டை விரித்து மடியில் வைத்துக்கொண்டார், இல்லாத பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

அவருடைய கதையில் சேந்தன் அமுதன் பட்டமேறியதும் போட்ட முதல் ஆணை, சோழ நாட்டில் நிலத்தை எவனும் துண்டு போட்டு விற்கக் கூடாது என்பது. இரண்டாவது ஆணை, பூத் தொடுக்கிறவர், படகு வலிக்கிறவர், கோயில் விளக்கேற்றுகிறவர் எல்லோருக்கும் கொல்லையோடு சொந்த வீடு. மணிமேகலைக்கு நல்ல இடத்தில் மாப்பிள்ளை பார்த்து முடித்தார். வந்தியத்தேவனைக் கப்பலேற்றிக் கடாரத்துக்கு அனுப்பினார். அவன் அங்கே நிற்காமல் பேராக் ஆற்றுக்கு வந்து ஒரு முதலையோடு சண்டை போட்டான். முதலை சில இரவுகள் தாக்குப்பிடித்தது.

அச்சிட்ட ஐந்தாம் பாகத்தை நான் பிறகு வாங்கிப் படித்தேன். ‘தியாக சிகரம்’ தொண்ணூற்றொரு அத்தியாயங்கள். முதல் நான்கு பாகங்களில் எதுவும் அந்த நீளம் இல்லை. அவ்வளவு எழுதியும், கடைசி அத்தியாயத்தில் மணிமேகலை பேதலித்து, வந்தியத்தேவன் மடியில் உயிரை விடுகிறாள். முதலை இல்லை. வீட்டுமனை இல்லை. எங்கள் பெரியப்பாவின் ஆட்சிக் காலம் முழுவதையும் கல்கி விட்டுவிட்டார் என்று எனக்குக் கோபம் வந்தது.

நான் மட்டும் கோபப்பட்டேன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நூலின் இறுதியில் கல்கியின் முடிவுரை இருந்தது. தொடர் முடிந்ததும் வாசகர்கள் கடிதம் எழுதி, இப்படித் திடீரென்று நிறுத்தினால் எப்படி, இவர் கதி என்ன, அவர் கதி என்ன என்று கேட்டிருக்கிறார்கள். கல்கி அந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டு பதில் சொல்லியிருந்தார். மூன்றரை ஆண்டு வாரந்தவறாமல் எழுதிய மனிதர், முடித்த பிறகும் விளக்கம் எழுத வேண்டியிருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி காலமானார். பின்னாளில் விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதினார். அனுஷா வெங்கடேஷ் ‘காவிரி மைந்தன்’ எழுதினார். கதை போதவில்லை என்று நினைத்தவர்கள் பேனாவை எடுத்திருக்கிறார்கள். பெரியப்பா அவர்களுக்கெல்லாம் முன்னோடி. பேனாவுக்குப் பதில் விளக்கு வைத்திருந்தார், அவ்வளவுதான்.

எம்.ஜி.ஆர். இந்தக் கதையைப் படமாக்க 1958இல் திட்டமிட்டார், நடக்கவில்லை. செய்தி மட்டும் நின்றுபோகாமல் வருடக்கணக்கில் தோட்டத்தைச் சுற்றி வந்தது. யார் நந்தினி, யார் குந்தவை என்று லயத்துக்கு லயம் ஆள் தேர்வு நடந்தது. தொலைக்காட்சி வந்த பிறகு வாசலில் கூட்டம் குறைந்தது. தோட்டமும் போனது. கித்தா நின்ற இடங்களில் சில செம்பனையாகின, சில தாமான்களாகின. ஆட்கள் மலிவு விலை வீடுகளுக்குச் சிதறினார்கள். சோழ நாடு யாருடைய பங்கு என்று யாரும் எழுதி வைத்துக்கொண்டு பிரியவில்லை.

இனி, இப்போது.

படத்தின் முதல் பாகம் 2022 செப்டம்பர் 30இல் வந்தது. அடுத்தது வர ஏழு மாதம். என் பேரன், “இவ்ளோ நாளு யாரு தாத்தா வெயிட் பண்ணுவா” என்று சலித்துக்கொண்டான். அவன் பதினைந்து வருடம் கழித்து வந்த தொடர்ச்சிகளையெல்லாம் வெறும் பொழுதுபோக்காகப் பார்த்தவன். இந்த ஏழு மாதம் மட்டும் அவனுக்குப் பொறுக்கவில்லை. முதல் பாகம் நடுக்கடலில், புயலில், தண்ணீருக்குள் நந்தினி முகத்தோடு ஒரு கிழவி நீந்தி வருவதோடு முடிந்திருந்தது. அது ஊமை ராணி என்று எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. ஏழு மாதமும் நான் வாயைத் திறக்கவில்லை. பெரியப்பா இருந்திருந்தால் மெச்சியிருப்பார்.

இரண்டாம் பாகத்தைக் குறை சொல்லுமுன் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். இளங் கரிகாலனும் இளம் நந்தினியும் வரும் தொடக்கக் காட்சிகள் நாவலில் இல்லாத அளவுக்கு நெஞ்சைத் தொட்டன. விக்ரமும் ஐஸ்வர்யா ராயும் கடம்பூர் மாளிகையில் எதிரெதிரே நிற்கும்போது, பக்கத்து இருக்கையின் சோளப்பொரிச் சத்தமும் நின்றது. ஏ. ஆர். ரஹ்மானின் இசையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஈழத்துக் காட்சிகளைத் தாய்லாந்தில் எடுத்தார்களாம். தாய்லாந்து எங்கள் பேராக்கின் வடக்கு எல்லை. ஆக, பெரியப்பா சொன்னபடி வந்தியத்தேவன் எங்கள் ஊர்ப் பக்கம் வரத்தான் செய்திருக்கிறான், முதலையிடம்தான் வரவில்லை.

ஆனால் மணிமேகலையைக் காணோம். சாகடிக்கவும் இல்லை, வாழவைக்கவும் இல்லை, பாத்திரமே கிடையாது. கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி விளக்கை அணைத்து மர்மமாக விட்டார். எங்கள் லயத்தில் அதற்கு இராத்திரிக்கு இராத்திரி விசாரணை நடந்தது, ஆளுக்கொரு தீர்ப்பு இருந்தது. படம் ஒரே காட்சியில் வழக்கை முடித்துவிட்டது. மீந்த நேரத்தை நாவலில் இல்லாத ராஷ்டிரகூடப் போர் ஒன்று எடுத்துக்கொண்டது.

“ஹாபிட் மூணாவது படமும் இப்டித்தான் தாத்தா, முடிவுல ஒரே சண்டைதான்” என்றான் பேரன். 2014இல் வந்த அந்தக் கடைசிப் படத்தை அவன் பள்ளிக்கூடப் பையனாகப் பார்த்திருக்கிறான். அங்கே ஒரு சிறிய புத்தகத்தை இழுத்து மூன்று படமாக்கினார்கள். இங்கே ஐந்து தடிப் புத்தகங்களைச் சுருட்டி இரண்டு படமாக்கினார்கள். எந்தப் பக்கம் இழுத்தாலும் கடைசியில் கிழிவது கடைசிப் பாகம்தான்.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். விட முடியாதது மகுடம். படத்தில் சேந்தன் அமுதன் அரசனாவதில்லை. பூங்குழலி அரசியாவதில்லை. மதுராந்தகன் என்று முதலிலிருந்து வருகிறவரே உண்மையான இளவரசர், மகுடம் அவருக்குத்தான். வரலாறு தெரிந்தவர்கள் இதுதான் சரி என்பார்கள். மதுராந்தகன் என்கிற உத்தம சோழன் கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்தவன். தொட்டிலில் பிள்ளை மாறிய கதையும் பூமாலைப் பையன் அரசனான கதையும் கல்கியின் கற்பனை. மணிரத்னம் கல்வெட்டின் பக்கம் நின்றுவிட்டார். உடையார்குடிக் கல்வெட்டு கரிகாலனைக் கொன்ற ரவிதாசன் கூட்டத்தின் பெயரைச் சொல்கிறது. அதுவும் எதற்காக வெட்டப்பட்டது தெரியுமா? அவர்களுடைய, அவர்கள் உறவினருடைய நிலத்தைப் பறிமுதல் செய்த கணக்கைச் சொல்ல. ஆயிரம் ஆண்டு பழைய கல்லிலும் நிலப் பிரச்சினைதான் இருக்கிறது. கற்பனையில்தான் மாலை கட்டுகிறவனுக்கு நாடு கிடைத்தது, அதையும் திருத்திவிட்டார்கள்.

படம் முடிந்து லகாட் திரும்பி ஒட்டுக்கடையில் உட்கார்ந்தோம். என் கூட்டாளிகள் இரண்டு பேர், பேரன், நான். கூட்டாளி ஒருவர் டிக்கெட்டுக் காசைப் பற்றிப் பேசவே இல்லை. “அமுதனுக்கு எழுதி வெச்சத யாரக் கேட்டு இவங்க மாத்துனாங்க?” என்று மேசையைத் தட்டினார். தோட்டம் விற்கப்பட்ட நாளில் நிர்வாகியின் முன்னால் கை கட்டி நின்றவர் அவர். அன்றைக்கு இந்தக் குரல் வரவில்லை. கைவிட்டுப்போன தோட்டத்துக்குக் கேட்காத நியாயத்தை, கைக்கே வராத நாட்டுக்குக் கேட்டார். மற்றவர் தலையாட்டினார். நானும்தான்.

“உனக்கு எப்படிடா இருந்துச்சு?” என்றேன் பேரனிடம்.

“ஓகே லா தாத்தா. கொஞ்சம் லெங்த்.” அதோடு கைப்பேசிக்குள் போய்விட்டான். அவனுக்கு ஏமாற்றமே இல்லை. அவனிடமிருந்து எதையும் எடுக்கவில்லையே. அவன் பெயரில் அம்மா அப்பா வாங்கிய வீடு இருக்கிறது, கடனும் இருக்கிறது. எங்களைப் போல அவன் எதற்குச் சோழ நாட்டில் பங்கு வைத்திருக்க வேண்டும்? யோசித்துப் பார்த்தால், பேரன் ஒரு படத்தை ‘ஓகே லா’ என்று தள்ளிவிட்டுப் போகிற நிலைக்கு வருவதற்குத்தான் அப்பன்மார் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினார்கள். வெற்றி அப்படி மொட்டையாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் அத்தையைப் பார்க்கப் போனோம். தொண்ணூறை நெருங்குகிறார், காது மட்டும் அன்று போலவே கூர்மை. படத்துக்குப் போனது அவருக்குத் தெரிந்திருந்தது. உட்காருமுன் கேட்டார்: “பூங்குழலிக்கு முடி சூட்டுனாங்களா?”

பேரன் முந்திக்கொண்டான். “இல்ல பாட்டி. அவங்களுக்கு இல்ல. படம் முடிஞ்சிருச்சு.”

அத்தைக்கு அதிர்ச்சியோ வருத்தமோ இல்லை. “முடிஞ்சிருச்சுன்னு யார்டா சொன்னா? பாதிதான் எடுத்துருப்பான். காசு பத்தியிருக்காது” என்றார். பிறகு அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, விட்டுப்போனதை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். முதல் ஆணை, இரண்டாம் ஆணை, கொல்லையோடு வீடு, பேராக் ஆறு. முதலை வந்த இடத்தில் பேரன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான்.

“தாத்தா, இது புக்குல எந்தப் பாகத்துல வருது?”

“ஆறாம் பாகத்துல.”

“எங்க வாங்கலாம்?”

“பேசாம கேளுடா” என்றார் அத்தை. “முதல இன்னும் சாகல.”